கன்னிமூலை டேங்க்

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. இந்தப் பக்கம் வெயிலடிக்கும், பரவால்லீங்களா? நான் வேணும்னேதான் இந்தப் பக்கம் உக்காந்தேன். ரெண்டு மாசமா வெயிலு எங்க அடிக்குது, எங்க அடிக்கலைன்னு கண்ணு தானாப் போகுதுங்க. ஈரோடுதானே போறீங்க? நானும் அங்கதான், கலெக்டர் ஆபீசுக்கு. இன்னிக்குத் திங்கக்கெழமையல்லங்க, மனு வாங்குவாங்க.

என்ன மனுன்னு நீங்க கேக்கலை. கேக்கலைன்னாலும் நான் சொல்லுவேன். ஈரோடு போய்ச் சேர்ற வரைக்கும் நமக்கு வேற என்ன வேலை.

சோலார் தம்பி. ஊட்டு மேல சோலார் போட்டேன். போட்டேன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டேன், ஆனா ஆனி மாசம் கேட்டது கார்த்திகை கடைசியிலதான் எரிஞ்சுது. அஞ்சு மாசமுங்க. ஒரு ஊட்டையே கட்டி முடிச்சுரலாம்.

என்ற பேரு சென்னியப்பன். கோபிக்குப் பக்கத்துல ஊரு. சர்வேயரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். முப்பத்தோரு வருசம் செயினு இழுத்து நெலம் அளந்தவன். இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் காட்டுல எந்தக் கல்லு எங்க நிக்குதுன்னு கேளுங்க, கண்ணை மூடிட்டுச் சொல்றேன். எதுக்குச் சொல்றேன்னா, எனக்குத் திசை சொல்லிக் குடுக்கறதுக்கு ஒருத்தன் இனிமேத்தான் பொறக்கோணும். அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

சோலார் கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. எழிலரசின்னு பேரு. இஞ்சினீயராம். கையில ஒரு போனு. அதைத் தூக்கி வானத்துக்கு நேராக் காட்டுனா, சூரியன் எந்த மாசம் எந்தப் பக்கமாப் போகும்னு கோடு கோடா வருது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. அண்ணாந்து பாத்தாத் தெரியறதுக்கு ஒரு போனு. அந்தப் பொண்ணு மொட்டை மாடியில ஒரு சுத்துச் சுத்திட்டு வடகெழக்கு மூலையில போய் நின்னுச்சு. "அய்யா, பேனல் வெக்கறதுக்கு இதுதான் எடம். காலையில இருந்து பொழுதோட வரைக்கும் துளி நெழல் கெடையாது"ன்னு சொல்லுச்சு.

வடகெழக்கு மூலை. ஈசான மூலை தம்பி. அதுல கொண்டு போய் இரும்பை நட்டு, அதுக்கு மேல கண்ணாடிப் பலகையை ஏத்தி வெக்கறதா? ஈசான மூலை லேசா இருக்கோணுமுங்க. பாரம் ஏத்துனா ஊட்டுக்கு ஆகாது. "அம்மணி, நீ படிச்சது வேற, நாங்க பொழைக்கறது வேற. வேற எடம் பாரு"ன்னுட்டேன்.

"வேற எடம்னா வடமேக்குலதாங்கய்யா இருக்குது. அங்க வெச்சா உங்க டேங்கு நெழல் விழும். டேங்கை எறக்கிக் குடுங்க"ங்குது.

டேங்கை எறக்கோணுமாம். தம்பி, நீங்க எப்பவாச்சும் எங்க ஊருப் பக்கம் வந்திருக்கறீங்களா? வந்திருந்தா என்ற டேங்கைப் பாத்திருப்பீங்க. தென்மேக்கு மூலையில, கன்னிமூலையில, நாலு தூண் எழுப்பி மாடிக்கு மேல பதினாலடி ஒசரத்துல வெச்சிருக்கறேன். கன்னிமூலைதான் ஊட்டுலயே ஒசந்து நிக்கோணும். மொதல்ல எட்டடிதான் இருந்துச்சு. மேக்கால ஊட்டு வாத்தியாரு மேல ஒரு மாடி எடுத்தாரு. எடுத்ததும் அவரு மாடி என்ற கன்னிமூலையை விட ஒசரமாப் போயிருச்சு. வாஸ்துக்காரரு வந்து பாத்துட்டு மூஞ்சியைச் சுளிச்சாரு. அடுத்த மாசமே ஆறடி ஏத்துனேன். இன்னிக்கு பஸ் ஸ்டாப்புல எறங்குனா மொதல்ல தெரியறது என்ற டேங்குதான். கண்டக்டருகிட்டயே "சென்னியப்பன் டேங்குகிட்ட நிறுத்துங்க"ன்னுதான் சொல்றாங்க. அதைப் போய் எறக்கோணுமாம்.

சரி, வடமேக்குலயே வெய்யின்னுட்டேன். அந்தப் பொண்ணு ஒரு காகிதம் நீட்டுச்சு. "நெழல் விழும்னு சொல்லிட்டோம், கரண்டு கொறைஞ்சா நாங்க பொறுப்பில்லை"ன்னு எழுதியிருந்துச்சு. மூணு காப்பியிலயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். நான் பயந்தவன்னு நெனைச்சுதாட்ட இருக்குது.

பொறவு பாருங்க அவங்க பண்ணுன லேட்டை. ஆடியில வந்து நிக்கறாங்க. ஆடியில யாராச்சும் ஊட்டுல புதுசா ஒரு வேலை ஆரம்பிப்பாங்களா? திருப்பி அனுப்பிச்சேன். ஆவணியில வந்தாங்க, வந்த நாளு அஷ்டமி. திருப்பி அனுப்பிச்சேன். பேனல் எல்லாம் பெட்டியோட வந்து முன் ரூமு ஆசாரத்துல எறங்கிருச்சு. ஒரு மாசம் அதைத் தாண்டித் தாண்டித்தான் சமையல்கட்டுக்குப் போனோம். என்ற ஊட்டுக்காரி மரகதம் கால்ல இடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி நடந்தா. அடுத்து வந்தாங்க, கான்கிரீட்டுல ஓட்டை போடோணும்னாங்க. என்ற மாடியில ஓட்டை போட்டா மழைத்தண்ணி எறங்காதா? பேசிப் பேசியே அன்னிக்குப் பொழுது போச்சு. அப்பறம் ஐப்பசி மழை. மழை உட்டு வந்து ஸ்டேண்டை நட்டாங்க. நட்டுட்டு டீ குடிக்கப் போனப்ப நான் டேப்பை வெச்சு அளந்தேன். அரை அங்குலம் கோணை. கழட்டுன்னுட்டேன். அரை அங்குலம்னா சும்மாவா தம்பி? அரை அங்குலத்துக்கு வெட்டுக்குத்து வரைக்கும் போன பங்காளிகளைப் பாத்தவன் நான். கழட்டி மறுபடி நட்டாங்க. அவ்வளவு மெதுவா வேலை பாக்கற கம்பெனியை நான் எங்கயும் பாத்ததில்லை. தெனமும் போன் போட்டு வைவேன்.

கடைசியா கார்த்திகையில சுச்சு போட்டோம். தெருவே வந்திருந்துச்சு. என்ற தங்கச்சி தெய்வாத்தா வடக்கால ஊடு, அவதான் ஆரத்தி கொண்டாந்து அந்த மிசினுக்குச் சுத்துனா. நான் எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொன்னேன், "தெனம் பன்னெண்டு யூனிட்டு. இனி என்ற ஊட்டு மீட்டரு பின்னாலதான் ஓடும்"னு. போனுலயே தெரியுமுங்க, இன்னிக்கு எத்தனை யூனிட்டுன்னு. பொழுதோட எடுத்துப் பாத்தேன். நாலரை.

அடுத்த நாளும் நாலரை. அதுக்கடுத்த நாளு நாலு. மேக்கால ஊட்டு வாத்தியாரு தெனம் பல்லு வெளக்கறப்ப மாடியில நின்னுக்கிட்டு, "இன்னிக்கு எத்தனை யூனிட்டுங்க சென்னியப்பண்ணா"ன்னு கேப்பாரு. வேணும்னே கேக்கறது. அந்தாளு மொகத்தைப் பாக்கக் கூசி, துண்டைத் தலையில போட்டுட்டு மாடி ஏறுனேன் தம்பி, என்ற சொந்த மாடிக்கு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க.

கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டு உட்டேன். அந்தப் பொண்ணுதான் வந்துச்சு. காலையில பத்து மணி. என்னைக் கூட்டிட்டுப் போய் பேனலுக்கு முன்னால நிறுத்தி, "பாத்துக்குங்கய்யா"ன்னு கையைக் காட்டுச்சு. டேங்கு நெழலு பேனல் மேல படுத்துக் கெடக்குது. நாலு தூணும் தனித்தனியாத் தெரியுது. "ஒரு பலகையில நெழல் விழுந்தாலும் அந்த வரிசையே படுத்துக்குங்கய்யா. இது மத்தியானம் ஒரு மணி வரைக்கும் இருக்கும்"னு சொல்லுச்சு.

நெழல் இல்லைன்னு நான் சொல்லலை. பாத்தேன். எனக்கும் கண்ணு இருக்குது. ஆனா ஒண்ணு யோசிங்க. கன்னிமூலையில இருக்கறது ஊட்டுக்கு நல்லது பண்ணுமே தவிர கெடுதல் பண்ணுமா? பண்ணாது. அப்ப வேற எதோ ஒண்ணு கெடுதல் பண்ணுது. சர்வேயில இப்படித்தானுங்க. ஒரு நெலத்துல அளவு ஒத்து வராம ஒதைச்சுதுன்னா, அந்த நெலத்தையே முறைச்சுப் பாத்துட்டு நிக்கப்படாது. பக்கத்து நெலத்துல போய்ப் பாக்கோணும்.

பக்கத்துல பாத்தேன். வடக்கால நிக்குது தென்னை.

தெய்வாத்தா தென்னைதான். காம்பவுண்டு இல்லாத எடத்துல, என்ற ஊட்டுக்கும் அவ ஊட்டுக்கும் நடுவால. அது எப்படி அங்க வந்துச்சுன்னும் சொல்லீர்றேன், இல்லீனா நீங்க என்னைத் தப்பா நெனைச்சுக்குவீங்க. அவ ஊட்டுக்காரரு இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால தவறிட்டாரு. கொழந்தை குட்டி கெடையாது. மாமியார் ஊட்டுல இருக்க முடியலைன்னு ஒரு டிரங்குப் பொட்டியோட வந்து நின்னா. நான்தான் சொன்னேன், "இந்த எடத்துல பாதி உனக்கு"ன்னு. யாரும் கேக்கலை தம்பி, நானாத்தான் குடுத்தேன். என்ற செயினைப் போட்டு நானே அளந்தேன். ஒரு விரக்கடை கொறைச்சனான்னு அவளையே கேளுங்க. அளந்து முடிச்சதும் கூட வந்த ஆளு எல்லைக்கல்லைத் தூக்கிட்டு வந்தான். வேண்டாம்னுட்டேன். "அண்ணந்தங்கச்சிக்குள்ள எதுக்குடா கல்லு"ன்னு சொல்லிட்டு, கல்லு நடற எடத்துல ஒரு தென்னங்கன்னைக் கொண்டாந்து நட்டேன். அதுதான் இந்த மரம். அரிசிம்பருப்புச் சோறு ஆக்குனா அந்த மரத்தைச் சுத்தித்தான் ஒரு போசி நெறைய எங்க ஊட்டுக்கு வரும். நேத்து வரைக்கும்னு சொல்ல வந்தேன். பொங்கலோட நின்னு போச்சு.

பொங்கலுக்கு மக்கா நாளு, மாட்டுப் பொங்கலன்னிக்குத்தான் போய்க் கேட்டேன். "தெய்வா, அந்த மரத்தை வெட்டோணும். என்ற கரண்டைத் தின்னுது."

"ஏண்ணா, நீ நட்ட மரம்"னா.

"நட்டவன்தான் சொல்றேன், வெட்டு."

"மரம் உனக்கு வடக்கால நிக்குது. தை மாசத்துல வெயிலு தெக்க சாஞ்சு வருது. நெழலு எங்க ஊட்டு மேலதாண்ணா விழுது. இது எனக்கே தெரியுது, நீ சர்வேயரு"ன்னா.

நான் உடுவனா? தம்பி, தை பொறந்தாச்சு, உத்தராயணம். சூரியன் இனி வடக்கதான நகரும்? வைகாசி ஆனியில வடக்க வந்து நிக்கும்ல? அப்ப அந்த மரத்து நெழலு தெக்க விழுமுல்ல? விழுந்த பொறவு ஓடறதா? வர்றதுக்கு முன்னாலயே காபந்து பண்ணிக்கறதுதான புத்தி. அதைத்தான் அவகிட்டச் சொன்னேன். அவ கேட்டுட்டு, "ஆனியில வர்ற நெழலுக்கு தையில எதுக்குண்ணா யூனிட்டு கொறையுது"ன்னா. அதோட உடாம, "டேங்கை ஆறடி எறக்கு. பழையபடி எட்டடியில வெய்யி. அப்பவும் கொறைஞ்சா நானே மரத்தை வெட்டறேன்"னா.

அதுலதான் எனக்குத் தலைக்கேறிருச்சு. கன்னிமூலையை எறக்குனா ஊட்டு ஆம்பளைக்கு ஆகாதும்பாங்க. அது தெரிஞ்சும் சொல்றா. "என்னைச் சுடுகாட்டுல கொண்டு போய் வெச்சுட்டு நீ மரத்தடியில உக்காந்து எளநி குடிக்கலாம்னு பாக்கறியா"ன்னு கேட்டுட்டேன்.

கேட்டிருக்கப்படாது. அதை நான் ஒத்துக்கறேன். தெய்வா கையில இருந்த மொறத்தை எடுத்துட்டு உள்ள போயிட்டா. ஆனா தம்பி, வார்த்தை தப்புன்னா மரம் சரியாயிருமா? ரெண்டும் வேற வேற.

அதனால மனு. சும்மா வெள்ளைத்தாளுல "அய்யா சாமி"ன்னு எழுதிட்டுப் போற மனு இல்லீங்க. வரைபடத்தோட. இதா பாருங்க, நானே வரைஞ்சது. முக்காலு மணி நேரம் க்யூவுல நின்னு குடுக்கறது, பாக்கறவங்களுக்கு ஒரே பார்வையில வெளங்கோணுமுல்ல. இது என்ற ஊடு. இது பேனலு, எட்டும் தனித்தனியாப் போட்டிருக்கறேன். இது வாத்தியாரு ஊடு. இது தெய்வா ஊடு. இது கெணறு, மூடிக் கெடக்குது, ஆனாலும் போட்டிருக்கறேன். இது தெருக்குழாய். இதா, மரம். அடிக்கணக்கெல்லாம் சுத்தமா இருக்கும். முப்பத்தோரு வருசத்துல இல்லாததை நான் வரைஞ்சதில்லை, இருக்கறதை உட்டதுமில்லை. தாசில்தாரே சொல்லுவாரு, "சென்னியப்பன் படம் போட்டா எறும்புப் புத்து கூட உட்டுப் போகாது"ன்னு.

என்னங்க?

டேங்கா?

டேங்கு இதுல தேவையில்லீங்க. மனு மரத்தைப் பத்தினது. டேங்கைப் போட்டா பாக்கறவங்களுக்குக் கொழப்பமாயிரும். தெருக்குழாயா? தெருக்குழாய் சும்மா, எடம் அடையாளம் தெரியறதுக்காக. டேங்கும் அடையாளம்தான், இல்லைங்கலை. எடமில்லீங்க அந்த மூலையில. எடம் இருக்குதுங்கறீங்களா? இருக்குது. குடுங்க இக்கட்ட, மடிச்சு வெச்சுக்கறேன். வேர்வை பட்டா மை கலைஞ்சுரும்.

நீங்களும் அந்தப் பொண்ணு மாதிரியேதான் பேசறீங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க.

சித்தெ இருங்க, போனு அடிக்குது. தெய்வா. அவ எதுக்கு இன்னிக்கு... ஆமா, சொல்லு. பஸ்சுலதான் போறேன். ஆமா, மனு குடுக்கத்தான். நான் எதுக்குப் பொய் சொல்லோணும். சத்தமாப் பேசு, ஹாரன் அடிக்கறாங்க. என்னது? எப்ப? யாரைக் கேட்டு... சரி. சரி. அதுக்கு என்னத்துக்கு நானு? சரி, வையி.

வெட்டிட்டாளாம்.

காலையிலயே மிசினு வெச்சு அறுக்கறவங்களை வரச் சொல்லி, நான் பஸ் ஏறுனதுக்கு அப்பறம் மரத்தைச் சாய்ச்சுட்டாளாம். ஏழு எளநி இருந்துச்சாம், மரகதத்துகிட்டக் குடுத்திருக்கறாளாம். பாத்தீங்களா தம்பி? மனுக் குடுக்காமயே வேலை முடிஞ்சுது. நியாயம் என்ற பக்கம் இல்லீன்னா வெட்டுவாளா? நீங்களே சொல்லுங்க. இருங்க, இப்பவே காட்டறேன். போனைத் தொறந்தாப் போதும், இந்த நிமிசம் எவ்வளவு கரண்டு வருதுன்னு வந்துரும். மணி என்ன, பத்தரை. மரம் போயி அரை மணி நேரம் ஆச்சு. இதா வருது பாருங்க.

நேத்து இதே நேரத்துக்கு இருந்த மாதிரியேதான் இருக்குது.

டவர் இல்லீங்க. பஸ்சுல டவர் சரியா எடுக்காது. அதான் பழைய நெம்பரையே காட்டுது. இருங்க, மறுக்கா அமுத்திப் பாக்கறேன். டவரு நாலு கோடும் இருக்குதுதான். இருந்தாலும் ஓடற பஸ்சுல அதை நம்ப முடியாதுங்க. ஊட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்.

ஏன் மூஞ்சி அப்படி ஆயிருச்சுங்கறீங்களா? ஒண்ணுமில்லை. அவ இன்னொண்ணும் சொன்னா.

மரம் இருந்த குழியில கல்லு நடோணுமாம். எல்லைக்கல்லு. கல்லு கொண்டாந்து போட்டாச்சாம். "நீதானே சர்வேயரு. சரியான எடத்தை நீயே வந்து அளந்து நட்டுக் குடுத்துட்டுப் போ. நாளைக்கு எல்லையில தப்புன்னு ஒரு மனு வரப்படாது பாரு"ங்கறா. கோவமாச் சொல்லியிருந்தாப் பரவால்லீங்க. ரேசன் கடையில அரிசி போட்டுட்டாங்களான்னு கேக்கற மாதிரி கேக்கறா.

முப்பத்தோரு வருசத்துல எத்தனை கல்லு நட்டிருப்பேன் தம்பி. அண்ணன் தம்பிக்கு நடுவுல, அப்பன் மகனுக்கு நடுவுல. நடறப்ப ரெண்டு பக்கத்துக்காரனும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்க மாட்டான், கல்லையே பாத்துட்டு நிப்பான். நான் மண்ணைத் தள்ளி மிதிச்சுட்டு வேட்டியை ஒதறிட்டுப் போயிருவேன். நம்ம ஊட்டுல அது இல்லைன்னு ஒரு தைரியம் இருந்துச்சுங்க. கவுரவம்னே சொல்லலாம். ஊருக்கெல்லாம் கல்லு நட்டவன் ஊட்டுல கல்லு இல்லைன்னு.

சித்தோடு வந்துருச்சாட்ட இருக்குது. நீங்க போங்க தம்பி, நான் இங்கயே எறங்கி எதுக்கால பஸ்சைப் புடிச்சுக்கறேன். மனு? மரமே இல்லாம மனு என்னத்துக்கு. இந்தப் படத்துல மரத்தை அடிச்சுட்டா அந்த எடத்துல ஒரு கல்லுதான் போடோணும். கல்லுக்கு ஒரு சின்னப் புள்ளி போதும்.

நடறனுங்க. நானே நடறேன். எனக்கென்ன பயமா? செயினு பரண் மேலதான் இருக்குது, எடுத்து அளந்து, ஒரு விரக்கடை தப்பில்லாம நட்டுக் குடுக்கறேன். யாரும் வந்து கோணைன்னு சொல்ல முடியாது.

டேங்கைப் பத்தி மட்டும் மறுபடியும் கேக்காதீங்க. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, தெய்வா கேட்டா, இப்ப நீங்களும் கேக்கறீங்க. அது கன்னிமூலையில இருக்குது தம்பி. அது அங்கயேதான் இருக்கும்.